பிட்டாவாஸ்டாட்டின் 4 மி.கி.: எச்.ஐ.வி. உள்ளவர்களின் இதயத்துக்கு ஒரு மாத்திரை – பயன்படுத்துபவரின் மதிப்பீடு

பிட்டாவாஸ்டாட்டின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த மாத்திரை. ஜப்பானில் 2003-இலும் அமெரிக்காவில் 2009-இலும் ஒப்புதல் பெற்றது. 1, 2, 4 மி.கி. என மூன்று அளவுகளில் கிடைக்கிறது. ஸ்டாட்டின்களில் இதைவிடப் பெயர் பெற்றவை உண்டு, 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். கொழுப்பை இதைவிட அதிகமாக இறக்குபவையும் உண்டு. இருந்தும் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் இந்த ஒன்றைத் தனியே எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது. மாரடைப்பும் பக்கவாதமும் உண்மையிலேயே குறைகின்றனவா என்பதையே அளவுகோலாக வைத்து, எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் மட்டுமே பெரிய அளவில் சோதித்துப் பார்க்கப்பட்ட ஸ்டாட்டின் இதுதான்.

நானும் ஏ.ஆர்.டி.யில் இருப்பவன், ஐம்பதைக் கடந்தவன், வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, பல ஆண்டுகளாகக் கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது. இந்த மாத்திரையை மருத்துவர் பரிந்துரைத்தபோது என் இரத்தக் கொழுப்புப் பரிசோதனை (லிப்பிட் ப்ரொஃபைல்) அறிக்கையில் கவலைப்படும்படி எதுவும் இல்லை. கொழுப்பே அதிகமில்லாதபோது கொழுப்பு மாத்திரை எதற்கு என்று கேட்டேன். இதைப் படிப்பவர்களில் பலருக்கும் முதலில் எழும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும் என்பதால் அவர் சொன்ன விளக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு அதிகம். வைரஸ் முழுமையாகக் கட்டுப்பட்டிருந்தாலும் உடலின் எதிர்ப்பு மண்டலம் அடங்குவதில்லை. தொற்றின் தொடக்க காலத்திலேயே குடலின் உட்சுவர் பழுதடைவதால் அங்குள்ள நுண்ணுயிரிகளின் கூறுகள் இரத்தத்தில் கசிகின்றன. அவற்றைக் கண்டு கிளர்ச்சியடையும் வெள்ளணுக்கள் இரத்தக்குழாயின் சுவருக்குள் புகுந்து, அங்கு படியும் கொழுப்பை விழுங்கி வீங்குகின்றன. இப்படி உருவாகும் படிவுகளில் சுண்ணாம்பு ஏறாத, மென்மையான, எளிதில் வெடித்து அடைப்பை உண்டாக்கும் வகை எங்களிடம் அதிகம் காணப்படுகிறது. அறிக்கையில் எல்.டி.எல். எண் சரியாக இருப்பதை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது என்பது இதனால்தான். ஸ்டாட்டின்கள் கொழுப்பைக் குறைப்பதோடு இந்த அழற்சியையும் ஓரளவு தணிக்கின்றன.

இதைச் சோதிக்க நடந்த ஆய்வின் பெயர் ரிப்ரீவ். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில், 12 நாடுகளில், 40 முதல் 75 வயது வரையிலான 7,769 பேரைச் சேர்த்து நடத்தினார்கள். அனைவரும் ஏ.ஆர்.டி. எடுப்பவர்கள், வழக்கமான கணக்கின்படி இதய நோய் அபாயம் குறைவாகவோ மிதமாகவோ இருந்தவர்கள். மூவரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாகப் பெண்கள். பாதிப் பேருக்கு இந்த 4 மி.கி. மாத்திரையும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். பலன் தெளிவாகத் தெரிந்துவிட்டதால் 2023-இல் ஆய்வு திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்தப்பட்டது. மாரடைப்பு, பக்கவாதம், அடைப்பு நீக்கும் சிகிச்சை, இதய நோயால் மரணம் முதலிய நிகழ்வுகள் மாத்திரை எடுத்தவர்களில் 89 பேருக்கும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 136 பேருக்கும் நேர்ந்திருந்தன. 35 விழுக்காடு குறைவு என்று செய்திகளில் வந்த எண் இதிலிருந்து பெறப்பட்டதுதான்.

அந்த 35 விழுக்காட்டை அப்படியே எடுத்துக்கொண்டு மகிழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. பின்தொடர்ந்த காலம் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேல். இரு பிரிவிலும் தலா மூவாயிரத்து எண்ணூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு மாத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எதுவும் நேரவில்லை. ஒருவருக்கு நேரவிருக்கும் நிகழ்வைத் தடுக்க 106 பேர் ஐந்து ஆண்டுகள் இதை விழுங்க வேண்டும். அபாயம் கூடக்கூட இந்தக் கணக்கு நமக்குச் சாதகமாகிறது: அடுத்த பத்தாண்டுகளில் இதய நோய் வரும் அபாயம் 10 விழுக்காட்டுக்கு மேல் உள்ளவர்களில் 35 பேர் எடுத்தாலே ஒரு நிகழ்வு தடுக்கப்படுகிறது, 5 முதல் 10 விழுக்காடு வரை உள்ளவர்களில் 53 பேர், 2.5-க்கும் கீழே இருப்பவர்களில் ஏறத்தாழ இருநூறு பேர். ஆகவே இந்த மாத்திரை எனக்கு என்ன செய்யும் என்று கேட்பவர் முதலில் தன் அபாயம் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். 2024 பிப்ரவரியில் வெளிவந்த அமெரிக்கச் சிகிச்சை வழிகாட்டுதலும் இந்தப் போக்கில்தான் இருக்கிறது. 40 முதல் 75 வயதுக்குள் இருப்பவர்களில், அபாயம் 5 முதல் 20 விழுக்காட்டுக்குள் உள்ளவர்கள் ஸ்டாட்டின் தொடங்குவதை அது அழுத்தமாகப் பரிந்துரைக்கிறது. 5-க்குக் கீழே உள்ளவர்களுக்கு, எடுப்பதை நோக்கிச் சாய்ந்தாலும் முடிவை மருத்துவரும் நோயாளியும் பேசி எடுக்கும்படி விடுகிறது. நாற்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சான்று போதவில்லை.

இனி, மாத்திரை. என்னிடம் உள்ளது வெள்ளை நிறத்தில், சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. ஏ.ஆர்.டி. மாத்திரையின் பருமனுக்குப் பழகிய தொண்டைக்கு இது ஒரு பொருட்டே அல்ல. நாளுக்கு ஒன்று, காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கட்டுப்பாடு எதுவும் இல்லை. எனவே ஏ.ஆர்.டி. மாத்திரையோடு சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். தனியாக இன்னொரு நேரத்தை நினைவில் வைக்க வேண்டியதில்லை. நீண்ட காலம் எடுக்க வேண்டிய மருந்துக்கு இது சின்ன வசதி அல்ல.

ஆனால் இதன் மிகப் பெரிய சிறப்பு மற்ற மருந்துகளோடு மோதாமல் இருப்பதுதான். மதிப்பெண்ணில் பாதியை நான் இதற்கே கொடுப்பேன். டாருனாவிர், அட்டாசனாவிர் போன்ற, புரோட்டியேஸ் தடுப்பான்கள் எனப்படும் எச்.ஐ.வி. மருந்துகளோடு ரிட்டோனாவிரையோ கோபிசிஸ்டாட்டையோ சேர்த்துக் கொடுப்பார்கள். கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் ஒரு நொதியை முடக்கி, முக்கிய மருந்து இரத்தத்தில் நீடித்திருக்கச் செய்வதே இந்தத் துணை மருந்துகளின் வேலை. அதே நொதியால் சிதைக்கப்படும் சிம்வாஸ்டாட்டினும் லோவாஸ்டாட்டினும் அப்போது உடலில் பன்மடங்கு தேங்கி, தசைகள் சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கலாம். ஆகவே அவ்விரண்டும் இந்தக் கூட்டு மருந்துகளோடு அறவே கூடாது. பிட்டாவாஸ்டாட்டின் சிதைவது பெரும்பாலும் வேறு வழியில். அதனால் இந்தத் துணை மருந்துகள் இருந்தாலும் அளவைக் குறைக்க வேண்டியிருப்பதில்லை.

இது ஏட்டில் மட்டும் இருக்க வேண்டிய தகவல் அல்ல. ஒருமுறை மருந்துக் கடையில் இந்த மாத்திரை இருப்பில் இல்லை. "இதுவும் கொலஸ்ட்ரால் மாத்திரைதான் சார், ஒரே வேலைதான் செய்யும்" என்று சொல்லி விற்பனையாளர் எடுத்து நீட்டிய அட்டையில் இருந்த பெயர் சிம்வாஸ்டாட்டின். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நான் வேறு என்ன மருந்து எடுக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது, சொல்லும் துணிவு அந்தக் கூட்டத்தில் எனக்கும் வரவில்லை. மருத்துவரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். எச்.ஐ.வி. என்ற சொல்லைக் கடை வாசலில் சொல்ல விரும்பாதவர்கள் எங்களில் பலர். அப்படிப்பட்டவர்கள் மாற்று மாத்திரை எதையும் கடையில் ஏற்றுக்கொள்ளாமல் இருப்பதே பாதுகாப்பு.

மோதலே இல்லாத மருந்து என்றும் சொல்லிவிட முடியாது. உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரினோடு இதைச் சேர்க்கவே கூடாது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கு 2 மி.கி.க்கு மேலும், எரித்ரோமைசின் எடுப்பவர்களுக்கு 1 மி.கி.க்கு மேலும் போகக் கூடாது. எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்து வருவது அரிதல்ல என்பதால் ரிஃபாம்பிசின் பற்றிய எச்சரிக்கையை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். சிறுநீரகச் செயல்பாடு மிதமாகவோ கடுமையாகவோ குறைந்தவர்களுக்கு 1 மி.கி.யில் தொடங்கி 2-இல் நிறுத்திக்கொள்வார்கள். அவர்கள் இந்த 4 மி.கி. பற்றிப் படித்துவிட்டு அதையே கேட்டு வாங்கக் கூடாது. கல்லீரல் நோய் தீவிரமாக உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல. கர்ப்பமாக இருப்பவர்களும் கருத்தரிக்க எண்ணுபவர்களும் தொடங்கும் முன் மருத்துவரிடம் பேச வேண்டும்.

பக்க விளைவுகளைப் பொறுத்தவரை எனக்குத் தொடக்கத்தில் கெண்டைக்காலில் லேசான பிடிப்பு இருந்தது, நாளடைவில் மறைந்துவிட்டது. மாத்திரையால் வந்ததா, மாடிப்படிகளால் வந்ததா என்று இப்போதும் என்னால் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ஆய்வில் தசை சார்ந்த தொல்லைகள் மாத்திரைப் பிரிவில் 2.4 விழுக்காட்டினருக்கும் போலி மாத்திரைப் பிரிவில் 1.4 விழுக்காட்டினருக்கும் வந்தன, பெரும்பாலும் லேசானவை. ஆனால் கடுமையான வலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நான் அதிகம் யோசித்தது சர்க்கரை நோயைப் பற்றித்தான். புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள் மாத்திரைப் பிரிவில் 5.3 விழுக்காடு, மற்றதில் 4.0. எங்கள் குடும்பத்தில் சர்க்கரை உண்டு என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவந்த சர்க்கரைப் பரிசோதனையை இப்போது அடிக்கடி செய்துகொள்கிறேன். ஏற்கெனவே சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் மாத்திரையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை, கண்காணிப்பைக் கூட்டினால் போதும் என்பது என் மருத்துவரின் கருத்து.

கொழுப்பைக் குறைப்பதில் இது நடுத்தரமானது. ஆய்வில் எல்.டி.எல். ஓராண்டில் 107-இலிருந்து 74-க்கு இறங்கியது. என் அறிக்கையிலும் இறக்கம் ஏறத்தாழ அந்த விகிதத்திலேயே இருந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் பொதுவாக இதைவிட வலுவான ஸ்டாட்டின் தேவைப்படும். அவர்கள் இந்த மதிப்பீட்டின் வாசகர்கள் அல்லர்.

புகைப்பவர்கள் இதை எடுத்துக்கொண்டு புகையைத் தொடர்ந்தால் ஒரு கையால் கட்டி மறு கையால் இடிப்பதற்குச் சமம். இரத்த அழுத்தத்துக்கும் அதே விதிதான். ஏ.ஆர்.டி.யை இடையில் நிறுத்துவது அதைவிட மோசம். 2006-இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில், மருந்தை விட்டுவிட்டு எடுத்தவர்களுக்கு இதய நோய் உள்பட மற்ற பெரிய நோய்களும் கூடின. அபகாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சேர்ந்த கூட்டு மருந்தில் இருப்பவர்கள், அதற்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பு பற்றி ஆய்வுகள் எச்சரித்திருப்பதால், மாற்றலாமா என்று ஸ்டாட்டின் தொடங்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

தயாரிப்பாளர்மீது ஒரு குறை உண்டு. அட்டையோடு வரும் தாளில் இரத்தக் கொழுப்பைக் குறைக்க என்று மட்டுமே போட்டிருக்கிறது. கொழுப்பு சரியாக இருக்கும் ஒருவர் வீட்டில் அதைப் பிரித்துப் படித்தால், தவறான மருந்து கொடுத்துவிட்டார்களோ என்றுதான் நினைப்பார். இதே ஐயத்தில் மாத்திரையை மேசை இழுப்பறையிலேயே வைத்துவிட்ட நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும்.

பிட்டாவாஸ்டாட்டின் கிடைக்காதவர்களுக்கும் கட்டுப்படியாகாதவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. அதே வழிகாட்டுதல் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி., ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. ஆகிய இரண்டையும் ஏற்கத்தக்க மாற்றுகளாகக் குறிப்பிடுகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இவற்றை இதே முறையில் சோதிக்கவில்லை என்பதும், பிட்டாவாஸ்டாட்டினை இவற்றோடு நேருக்கு நேர் ஒப்பிடவில்லை என்பதும் உண்மை. டாருனாவிர் கூட்டு எடுப்பவர்களுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது, அட்டாசனாவிர் கூட்டு எடுப்பவர்களுக்கு ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி.யைத் தாண்டக் கூடாது. எனவே மாற்றும்போது ஏ.ஆர்.டி. சீட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.