வௌவால் பசேஜில் விடை தேடுதல்: நீண்டநாள் பயிற்சியில் தெரியவருபவை

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் படிப்பவர்களின் போட்டோகொப்பிக் கட்டுக்குள் வௌவால் இருட்டில் வழி கண்டுபிடிப்பதைப் பற்றிய பசேஜ், அதாவது வாசிப்புப் பகுதி, ஒன்று எப்படியும் கிடக்கும். வகுப்புக்கு வகுப்பு இதையே போட்டுப் பார்த்ததில் ஒன்று உறுதி. கடினமான சொற்கள் இங்கே பெரிய தடை இல்லை. உயர்தரத்தில் உயிரியல் படித்த பிள்ளைதான் சுலபமான புள்ளியை விடுகிறது.

கூற்று பசேஜோடு ஒத்தால் ட்ரூ, பசேஜ் அதை மறுத்தால் ஃபோல்ஸ், பசேஜில் அதைப் பற்றி இல்லாவிட்டால் நொட் கிவன் என்று எழுத வேண்டும். படுவான்கரையில் பெருமரங்களில் தொங்கும் பழந்தின்னி வௌவால் கண்ணையும் மோப்பத்தையும் நம்பிப் பறப்பது. அது தெரிந்த பிள்ளை, “எல்லா வௌவால்களும் எதிரொலியால் வழி அறிகின்றன” என்ற கூற்றைப் பார்த்தவுடனே ஃபோல்ஸ் போட்டுவிடும். பசேஜோ பூச்சி தின்னும் வௌவாலைப் பற்றி மட்டும் பேசி, மற்றவற்றைத் தொடாமலே விட்டிருக்கும். அப்படியென்றால் விடை நொட் கிவன். வெளியறிவு சரியாக இருந்தும் புள்ளி போகிறது.

ஃபோல்ஸையும் நொட் கிவனையும் பிரிக்க ஸ்பலான்சானி என்ற ஆய்வாளரைப் பற்றிய பகுதி நல்ல பயிற்சி. 1790களில் அந்த இத்தாலியர் பார்வை பறிக்கப்பட்ட வௌவால்களைப் பறக்கவிட்டார்; அவை தடைகளில் மோதவில்லை. பசேஜில் இவ்வளவுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். “பார்வை இழந்தவை பொருட்களில் மோதின” என்றால் ஃபோல்ஸ். “பார்வை இழந்தபின் வேகம் குறைந்தது” என்றால் நொட் கிவன், ஏனென்றால் வேகம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கூற்றை மறுக்கும் வரியில் விரல் வைக்க முடிந்தால் மட்டும் ஃபோல்ஸ் எழுதுங்கள். வரி அகப்படாமல் “இப்படி இருக்காது” என்று மனம் மட்டும் சொன்னால் அது ஃபோல்ஸ் இல்லை.

ரீடிங் தாளில் 3 பசேஜ், 40 கேள்வி, 60 நிமிடம். லிசனிங்கில்போல விடையைப் பெயர்த்தெழுத மேலதிக நேரம் கிடையாது, ஆகவே நேரே விடைத்தாளில் எழுதிப் பழக வேண்டும். வௌவால் பசேஜ் முதலாவதாக வந்தால் 15 முதல் 17 நிமிடத்துக்குள் முடிப்பது நல்லது. மூன்றாவது பசேஜ் மிச்சத்தைத் தின்னும். ட்ரூ, ஃபோல்ஸ் கேள்விகள் பசேஜின் ஒழுங்கிலேயே வரும். 3ஆம் கேள்வியின் விடை இரண்டாம் பந்தியில் என்றால் 4ஆவதை அதற்கு மேலே தேடி அலைய வேண்டாம். தகவல் எந்தப் பந்தியில் என்று கேட்பவை ஒழுங்கில் வராதவை. அவற்றைக் கடைசிக்கு விடுங்கள். அதற்குள் பசேஜ் பழகியிருக்கும்.

பெயரும் ஆண்டும் கண்ணுக்குக் கெதியாகப் படும், முதலில் அவற்றை வட்டமிடலாம். ஆனால் வட்டத்தோடு நின்றால் ஆள் மாறிவிடும். காதை அடைத்தால் வௌவால் தடுமாறுவதைக் காட்டியவர் ஜெனீவாவின் ஜூரீன். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை அது எழுப்புவதைக் கருவி வைத்து நிறுவியவர்கள் கிரிஃபினும் பியர்ஸும், அது 1930களின் கடைசியில். எதிரொலியால் வழி அறிவதற்கு எக்கோலொக்கேஷன் என்ற பெயரை கிரிஃபின் 1944இல் வைத்தார். இவ்வளவும் அடுத்தடுத்த பந்திகளில் வரும்போது, பந்தியின் ஓரத்தில் “கண்”, “காது”, “கருவி”, “பெயர்” என்று தமிழிலேயே குறித்துவிடுங்கள். கம்பியூட்டரில் எழுதுபவர் நிறம் தீட்டும் வசதியைப் பாவிக்கலாம். பசேஜ் முழுக்க மஞ்சள் அடித்துப் பயனில்லை.

கேள்வியில் உள்ள சொல்லையே பசேஜில் தேடுவது வீண். கேள்வி “தடை” என்று கேட்கும், பசேஜில் மெல்லிய கம்பி என்று இருக்கும். “மனிதருக்குக் கேட்காது” என்பது 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் என்ற இலக்கமாக நிற்கும். இலக்கத்திலும் பொறி உண்டு: சும்மா பறக்கும்போது செக்கனுக்குப் பத்தளவு ஒலித்துடிப்பு, பூச்சியைப் பிடிக்கும் கடைசித் தறுவாயில் 200 வரை. இரண்டும் ஒரே வரியில் வந்தால், கேள்வி எந்தக் கட்டத்தைக் கேட்கிறது என்று பாருங்கள்.

இடைவெளி நிரப்புதலில் “இரண்டு சொல்லுக்கு மேற்படாமல்” என்றால் முன்னால் வரும் ‘த’வும் (the) ஒரு சொல்லாக எண்ணப்படும். எதிரொலியைக் குறிக்கும் எக்கோ என்ற ஆங்கிலச் சொல்லின் பன்மையில் ஓவுக்குப் பின் ஈயும் எஸ்ஸும் இரண்டும் வேண்டும். ஈயை விட்டால் எழுத்துப் பிழை, புள்ளி இல்லை. பசேஜில் உள்ள சொல்லைப் பார்த்து எழுதுவதிலேயே இந்தப் பிழை வருவதுதான் வயிற்றெரிச்சல். பிழை விடைக்குப் புள்ளி கழிக்க மாட்டார்கள், ஆகவே வெற்றிடம் விடக் கூடாது.

குறையும் உண்டு. எழுத்தாளரின் கருத்தைக் கேட்கும் யெஸ், நோ வகைக்கு இந்தப் பசேஜ் போதாது. தலைப்புப் பொருத்தவும் சுமார்தான். அடிப்படை இலக்கணமே தள்ளாடுபவருக்கு இப்போதைக்குத் தேவையில்லை. பேண்ட் மதிப்பெண் ஐந்தரையிலும் ஆறிலும் தேங்கி நிற்பவருக்கே பொருந்தும். இரண்டு தரம் செய்தபின் விடைகள் பாடமாகிவிடும். அதற்குப் பிறகு கேள்வித்தாளை மூடிவிட்டு, ஒரு பந்திக்கு ஒரு ட்ரூ, ஒரு ஃபோல்ஸ், ஒரு நொட் கிவன் என்று பிள்ளைகளையே கூற்று எழுதி மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். நொட் கிவன் கூற்றை எழுதத்தான் பேனை நீண்ட நேரம் நிற்கும்.