ஏஐ வந்த பிறகு என் கேமரா வேலை: மூன்று ஆண்டு அனுபவம்

2023 ஏப்ரலில், படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஏஐ டீநாய்ஸ் வந்தது. இருட்டில் எடுத்த படங்களில் விழும் புள்ளிப்புள்ளியான நாய்ஸை நீக்கும் கருவி அது. வந்த வாரமே பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் தேடி எடுத்து, வெளிச்சம் போதாத ஓர் அரங்கத்தில் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 12800 வரை ஏற்றி எடுத்த ரா ஃபைல்களை (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்புகளை) அதில் போட்டுப் பார்த்தேன். நாய்ஸ் தாங்காமல் கறுப்பு வெள்ளையாக மாற்றிக் கொடுத்திருந்த படங்கள் அவை. இப்போது வண்ணத்திலேயே, துணியின் நெசவு வரை தெரிந்தது. அன்றிலிருந்து ஏஐ தொடாமல் நான் முடித்துக் கொடுத்த வேலை அநேகமாக எதுவும் இல்லை.

நான் நிகழ்ச்சிகள், பொருள் விளம்பரப் படங்கள், போர்ட்ரெய்ட் மூன்றும் எடுப்பவன். இந்த மூன்றிலும் ஏஐ ஒரே மாதிரி நுழையவில்லை. அதனால்தான் "போட்டோகிராபர் வேலை போய்விடுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வரியில் என்னால் பதில் சொல்ல முடிவதில்லை.

முதலில் நல்லது. கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸ் பல ஆண்டுகளாகக் கேமராவிலேயே இருக்கிறது. அதுவும் இதே குடும்பம்தான், யாரும் அதற்காக வருத்தப்பட்டதில்லை. 2021 இறுதியில் லைட்ரூமில் ஆளையும் வானத்தையும் தானாகப் பிரித்தெடுக்கும் மாஸ்க் வந்தது. முடியோரத்தில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்த வேலை சில நொடிகளில் முடிந்தது. என் கழுத்து வலி குறைந்ததை இந்தக் கருவிகளின் கணக்கில்தான் எழுதுவேன்.

அப்புறம் படத் தேர்வு. ஒரு நிகழ்ச்சியில் 3,000 படம் எடுத்தால் 400 கொடுப்பேன். அந்த 400-ஐப் பொறுக்க முன்பு இரண்டு நாள் ஆகும். தேர்வு செய்து தரும் மென்பொருள் ஒன்றை வாங்கினேன். மங்கலானது, கண் மூடியது, ஒரே மாதிரி இருப்பது எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒரு மணி நேரத்தில் பட்டியல் தரும். முதல் நான்கைந்து மாதம் அது கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆல்பங்கள் சுத்தமாக இருந்தன, யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு ஏதோ குறைவது போலவே இருந்தது. ஒருநாள் ஒதுக்கப்பட்டவற்றைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது: மனம்விட்டுச் சிரிக்கும்போது பலருக்குக் கண் மூடிக்கொள்ளும். அந்தச் சிரிப்புகளில் நிறைய அந்தக் கோப்புறையில் கிடந்தன. கட்டிப்பிடிக்கும்போதும் கண்ணை மூடிக்கொள்கிறோம், அழும்போதும் அப்படித்தான். மென்பொருள் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகவே செய்திருந்தது. பார்க்க வேண்டிய நான்தான் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய அடி படத்தைப் பெரிதாக்கும் கருவி ஒன்றால் விழுந்தது. ஒரு குடும்பத்தினர் தங்கள் பழைய குழுப் படம் ஒன்றைக் கொடுத்து, பின்வரிசையில் நிற்கும் அம்மாவின் முகத்தை மட்டும் பெரிதாக்கித் தரச் சொன்னார்கள். அவர்களிடம் அவருடைய வேறு படம் இல்லை. முகம் அந்தப் படத்தில் கட்டைவிரல் நகத்தளவுகூட இல்லை. கருவியில் போட்டேன்; கண், பல்வரிசை, இமை எல்லாம் கூர்மையாக வந்தன. எனக்கே பெருமையாக இருந்தது. மகள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா இது அம்மா இல்லை" என்றார். இல்லாத விவரத்தை அந்தக் கருவி மீட்கவில்லை, வேறு முகங்களிலிருந்து கற்றதை வைத்து ஊகித்து நிரப்பியிருந்தது. அது அப்படித்தான் வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்தேன் என்பது இன்னும் உறுத்துகிறது. மங்கலாகவே பெரிதாக்கி, கையால் கீறல்களை மட்டும் சரிசெய்து மறுபடி கொடுத்தேன். அதை அவர் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து முகத்தில் எந்த ஜெனரேட்டிவ் கருவியையும், அதாவது இல்லாததைப் புதிதாக உருவாக்கி நிரப்பும் கருவியையும், நான் தொடவிடுவதில்லை. பின்னணியில் தொங்கும் வயரை எடுப்பேன், சுவரை நீட்டுவேன், அவ்வளவுதான். இதை ஒப்பந்தத்திலும் ஒரு வரியாக எழுதிவிட்டேன்.

வருமானம் என்று பார்த்தால் பொருள் படங்களில்தான் இழப்பு. வெள்ளைப் பின்னணியில் வைத்து எடுக்கும் கேட்லாக் வேலை எனக்கு ஏறக்குறைய நின்றேவிட்டது. வாடிக்கையாளர்கள் தாங்களே மொபைலில் ஒரு படம் எடுத்து, பின்னணியையும் நிழலையும் ஏஐயில் உருவாக்கிக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கு அது போதுமானதாக இருக்கிறது. யாரும் வாங்கிப் பயன்படுத்தும்படி படங்களை இணையத்தில் விற்கும் ஸ்டாக் தளங்களுக்குப் படம் அனுப்புவதையும் விட்டுவிட்டேன். 2023 மார்ச்சில் ஜீன்ஸ் விற்கும் லீவைஸ் நிறுவனம், உடைகளை அணிந்து காட்ட ஏஐ உருவாக்கிய மாடல்களைச் சோதிக்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் நேரடி போட்டோஷூட்டுகளைக் குறைக்கும் திட்டம் இல்லை என்று விளக்கம் கொடுத்தது நினைவிருக்கலாம். மாடல், மேக்கப், லைட் பிடிப்பவர், போட்டோகிராபர் என ஒரு ஷூட்டில் எத்தனை பேருக்குச் சம்பளம் இருக்கிறது என்று அன்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

நிகழ்ச்சி, போர்ட்ரெய்ட் இரண்டும் குறையவில்லை. ஆனால் படத்தைப் பார்த்ததும் "இது நிஜமா எடுத்ததா?" என்ற கேள்வி இப்போது சகஜமாகிவிட்டது. இதற்கு வாடிக்கையாளர்களைச் சொல்லிப் பயனில்லை, நடுவர்களே தடுமாறுகிறார்கள். 2023-ல் ஜெர்மன் புகைப்படக் கலைஞர் போரிஸ் எல்டாக்சென் சோனி உலகப் புகைப்பட விருதில் ஏஐ படத்தால் வென்று, பரிசை மறுத்தார். 2024-ல் மைல்ஸ் அஸ்ட்ரே என்ற புகைப்படக் கலைஞர் தலை மறைந்து நிற்கும் ஒரு நிஜ ஃபிளமிங்கோ படத்தை வேறொரு போட்டியின் ஏஐ பிரிவுக்கு அனுப்பிப் பரிசு வாங்கினார், உண்மை தெரிந்ததும் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். எடுக்கும்போதே, படம் எப்படி உருவானது என்று காட்டும் டிஜிட்டல் சான்றை அதில் பதிக்கும் முதல் கேமராவாக லைக்கா எம்11-பி 2023 அக்டோபரில் வந்தது. என்னிடம் அது இல்லை. ரா ஃபைலை அழிக்காமல் வைத்திருக்கிறேன், கேட்டால் திறந்து காட்டுகிறேன். இப்போதைக்கு என் சான்று அதுதான்.

என் உண்மையான கவலை புதிதாக வருபவர்களைப் பற்றியது. நான் இந்தத் தொழிலுக்குள் வந்ததே பொருளின் ஓரத்தை வெட்டிக் கொடுக்கும் வேலையில்தான். பிறகு மூத்தவர் ஒருவருக்குப் படம் பொறுக்கிக் கொடுத்தேன். ஆயிரக்கணக்கான சுமாரான படங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் நல்ல படம் எது என்று தெரிந்தது. அந்தக் கீழ்ப்படி வேலைகளைத்தான் ஏஐ முதலில் எடுத்துக்கொண்டது. கண் பழகுவதற்கு முன்பே மென்பொருள் பட்டியலைக் கொடுத்துவிட்டால், கண் எப்போது பழகும்?

என்னிடம் ஒரு பெண் வேலை பழகுகிறாள். இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மென்பொருள் தேர்வு முடித்ததும், ஒதுக்கியவற்றை இருவரும் ஒன்றாகப் பார்ப்போம். அரை நாள் போகிறது. மிச்சப்பட்ட நேரத்தில் அதைச் செலவழிக்க மனம் கசக்கவில்லை. போன வாரம் ஒரு படத்தில் நிறுத்தினாள். கூட்டம் கலைந்த மண்டபத்தில் ஒருவர் ஒற்றைக் கையால் நாற்காலிகளை அடுக்குகிறார், தோளில் குழந்தை தூங்குகிறது. "இதை ஏன் ஒதுக்குச்சுண்ணா?" என்று கேட்டு, பெரிதாக்கிப் பார்த்தாள். குழந்தையின் கண் மூடியிருந்தது.

ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அதை வைக்கலாமா என்று கேட்டாள். வைக்கச் சொன்னேன்.