தச்சுப் பட்டறை இன்சூரன்ஸ்: தீக்கு எவ்வளவு, விரலுக்கு எவ்வளவு?

அவிநாசி, பல்லடம், கோபி என்று எந்தப் பக்கம் போனாலும், தகரக் கொட்டகைக்குள் வட்ட ரம்பம், பிளேனர், நாலைந்து ஆட்கள் என்று ஓடும் தச்சுப் பட்டறை ஒன்றாவது கண்ணில் படும். "இன்சூரன்ஸ் இருக்குதுங்களா?" என்று ஓனரிடம் கேட்டால், "அதெல்லாம் பேங்க்லயே போட்டுட்டாங்க" என்பார். போட்டிருப்பது உண்மைதான். எவ்வளவுக்குப் போட்டிருக்கிறது, யாருக்குப் போட்டிருக்கிறது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்.

முதலில் தீ. பேங்க் எடுத்துத் தரும் பாலிசியும் நாமே போய் எடுக்கும் பாலிசியும் பெரும்பாலும் ஒன்றேதான். மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு மேல் போகாத தொழில்களுக்கென்று 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி இருக்கிறது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் அடிப்படை வாசகம் ஒன்றே. மாறுவது தொகைதான். பேங்க் தன் கடன் அளவுக்குப் பார்க்கும். பட்டறையில் இருக்கும் மொத்தச் சரக்கைப் பார்க்க வேண்டியது நாம்.

ஒரு கணக்கு போடுவோம். மெஷின், மரம், பிளைவுட், முடித்து வைத்த கட்டில் எல்லாம் சேர்த்து 20 லட்சம் பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் 10 லட்சம் என்பதால் பாலிசியும் 10 லட்சத்துக்கு. பாலிஷ் ரூமில் தீப்பிடித்து 4 லட்சம் நஷ்டம். 10 லட்சத்துக்குத்தான் பாலிசி இருக்கிறதே, 4 லட்சமும் வந்துவிடும் என்று நினைப்போம். வராது. பாதி மதிப்புக்கே காப்பீடு எடுத்ததால் நஷ்டத்திலும் பாதி, 2 லட்சம்தான் வரும். அதையும் முதலில் பேங்க் தன் கடனுக்கு எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பாலிசியில் 15 சதவீதம் வரை குறைத்து எடுத்திருந்தால் விட்டுவிடுவார்கள், அதாவது 17 லட்சத்துக்கு எடுத்திருந்தால் இந்த வெட்டு இல்லை. ஆயிரத்துக்கு 3 ரூபாய் ரேட் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், 10 லட்சத்துக்கும் 20 லட்சத்துக்கும் பிரீமியம் வித்தியாசம் 3,000 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 3,540. இங்கே மிச்சம் பிடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

மதிப்புப் போடும்போது கஸ்டமர் மரத்தை மறந்துவிடுகிறோம். தோட்டத்தில் வெட்டிய வேம்பையோ தேக்கையோ கொண்டுவந்து இறக்கி, "நிலையும் கதவும் செஞ்சு குடுங்க" என்று விட்டுப்போவது நம் ஊர் வழக்கம். அது உங்கள் சரக்கு இல்லை. 'பிறர் பொருள், நம் பொறுப்பில்' என்று பாலிசியில் தனியாக எழுதச் சொல்ல வேண்டும். எரிந்தபின் கஸ்டமர் உங்களிடம்தான் வந்து நிற்பார்.

தச்சுத் தொழிலுக்கு இந்தப் பாலிசியில் ஒரு நல்ல அம்சம் உண்டு. லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், பொறி எதுவும் இல்லாமலே சூடேறிப் பற்றிக்கொள்ளும். பழைய தீ பாலிசியில் இப்படித் தானாகப் பற்றும் தீக்குத் தனிக் காசு கட்ட வேண்டும். இதில் உள்ளேயே இருக்கிறது. ஆனால் ஷார்ட் சர்க்யூட்டில் கருகிய மோட்டாருக்கு மட்டும் பணம் கிடையாது. அதிலிருந்து தீ பரவி மற்றது எரிந்தால் அதற்கு உண்டு. மெஷின் பழுதுக்குத் தனிப் பாலிசி இருக்கிறது. மோட்டாருக்குக் காயில் கட்ட கோயமுத்தூரில் ஆளா இல்லை? கம்ப்யூட்டரில் ஓடும் செதுக்கு மெஷினான சிஎன்சி ரௌட்டர் வைத்திருப்பவர் மட்டும் அதை யோசிக்கலாம். வெறும் பூட்டு உடைப்புத் திருட்டும் இதில் வராது, அதற்கும் வேறு பாலிசி. கடைக்காரர் பேக்கேஜ் என்று ஒன்றை ஏஜென்ட் காட்டுவார். அது ஷோரூமுக்குப் பொருந்தும், ரம்பம் ஓடும் இடத்துக்கு அல்ல.

சரி, விரல் கதைக்கு வருவோம். பட்டறை எரிவது எப்போதோ நடப்பது. ரம்பத்தில் விரல் போவதை இந்தத் தொழிலில் பார்க்காதவர்கள் குறைவு. ஆனாலும் செலவு செய்யத் தயங்குவது இங்கேதான்.

மூன்று வழி இருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா, தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி, இஎஸ்ஐ என்ற அரசின் தொழிலாளர் காப்பீடு. முதலாவதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அதன் விதியை ஒருமுறை படிக்க வேண்டும். விபத்தில் இறந்தால் 2 லட்சம், ஒரு கையோ காலோ கண்ணோ முழுதாகப் போனால் 1 லட்சம். விரலுக்கு ஒன்றும் இல்லை.

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையோ (2025 நவம்பர் முதல் இந்தச் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது) விரல் விரலாகக் கணக்கு வைத்திருக்கிறது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் போனதாகக் கணக்கு, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம். 30 வயது ஆசாரி, சம்பளம் 20,000 என்றாலும் சட்டம் 15,000 வரைதான் கணக்கில் எடுக்கும். அதில் 60 சதவீதம் 9,000. வயதுக்கான காரணி 207.98. இரண்டையும் பெருக்கி 14 சதவீதம் எடுத்தால் சுமார் 2,62,000 ரூபாய். கட்டைவிரல் என்றால் 5,61,000-க்கு மேல். ஆஸ்பத்திரிச் செலவு தனி. பாலிசி இல்லாவிட்டால் அத்தனையும் ஓனர் தலையில். ரம்பத்தின் மூடியை ஆசாரியே வேண்டுமென்று கழற்றியிருந்தால் சட்டம் ஓனருக்குச் சில சமயம் விலக்குத் தரும், "வேலை வேகமாகணும்" என்று ஓனரே கழற்றச் சொன்ன இடத்தில் அது எடுபடாது.

இழப்பீட்டுப் பாலிசியின் பிரீமியம் காட்டும் கூலியைப் பொறுத்தது. கூலியைக் குறைத்துக் காட்டினால் கிளெய்மும் சிக்கலாகும். மருத்துவச் செலவுக்கு எவ்வளவு வரை என்று கேட்டு வாங்குங்கள். பீஸ் ரேட்டுக்கு வரும் காண்ட்ராக்ட் ஆட்களையும் எழுதச் சொல்லுங்கள்.

மெஷின் ஓடும் பட்டறையில் 10 பேர் ஆகிவிட்டால் இஎஸ்ஐ கட்டாயம். ஓனர் பங்கு 3.25 சதவீதம், ஆள் பங்கு 0.75. பத்துப் பேருக்குத் தலா 18,000 என்றால் ஓனர் மாதம் 5,850 கட்ட வேண்டும். இழப்பீட்டுப் பாலிசியை விடச் செலவுதான், ஆனால் குடும்பத்துக்கே வைத்தியம் கிடைக்கும், விரல் போனால் மாதாமாதம் ஆயுள் முழுக்கப் பணம் வரும். ஒரே ஓட்டை: 21,000-க்கு மேல் வாங்கும் தலைமை ஆசாரி இதில் சேரமாட்டார். பெரிய ரம்பத்தில் நிற்பது பல இடங்களில் அவர்தான். அவருக்கு இழப்பீட்டுப் பாலிசி தனியாக வேண்டும்.

நாலைந்து ஆள் பட்டறை என்றால் நான் முதலில் எடுப்பது இழப்பீட்டுப் பாலிசி, அடுத்து முழு மதிப்புக்குத் தீ பாலிசி. 20 ரூபாய் திட்டம் அதற்கு மேல் கூடுதலாக இருக்கட்டும். கொட்டேஷன் வாங்கும்போது எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மதிப்புப் பட்டியலைக் கொடுங்கள். வரி சேர்த்த தொகையா என்றும் பாருங்கள். ரெகுலர் ஜிஎஸ்டியில் இருப்பவர் தீ பாலிசிக்குக் கட்டிய 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக, அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம், காம்போசிஷன் என்ற சிறு தொழில்களுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டத்தில் இருப்பவருக்கு அது கைக்காசு.