நான்கு கை காலிப்பரும் பாறைத் தகைவின் திசையும்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஆழ்துளைக் கிணறுகளில் எடுத்த நான்கு கை காலிப்பர் பதிவுகளைக் கொண்டு நிலத்தடிப் பாறைத் தகைவின் திசையைக் கணிக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு சோடிக் கைகளைச் சுவரில் அழுத்தி, துளையின் விட்டத்தை இரு திசைகளில் அளக்கும் கருவி இது; தகைவு என்பது பாறைக்குள் ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை. கிணற்றுச் சுவரையே படமாக எடுத்துத் தரும் ஒலி டெலிவியூவர் இருக்கையில் இந்தப் பழைய கருவி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பழைய எண்ணெய்க் கிணறுகள் பலவற்றுக்கு இந்தப் பதிவை விட்டால் வேறு சான்று கிடையாது. அதைவிட முக்கியமாக, கண்டிப்போடு படித்தால் இது நம்பத்தக்க விடையைத் தருகிறது.

செங்குத்தான கிணற்றின் சுவரில், கிடைத்தளத்தில் தகைவு மிகக் குறைவாக இருக்கும் (சிறுமக் கிடைத்தகைவு) திசையில்தான் அமுக்கம் உச்சமடைகிறது. அது பாறையின் வலிமையை மிஞ்சும்போது எதிரெதிரான இரு பக்கங்களிலும் சுவர் உதிர்ந்து, துளை ஒரு பக்கமாக நீண்டுவிடுகிறது. பெருமக் கிடைத்தகைவு அதற்குக் குறுக்கே இருக்கும். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துக் கிணறுகள் வடமேற்கு–தென்கிழக்காக நீண்டிருப்பதை 1970-இல் ஆய்வாளர் காக்ஸ் எடுத்துக்காட்டினார். அதற்குத் தகைவே காரணம் என்று 1979-இல் ஆய்வாளர்கள் பெல்லும் கோஃபும் விளக்கினார்கள்.

கருவியை மேலே இழுக்கும்போது கேபிளின் முறுக்கால் அது சுழன்றுகொண்டே வரும். உதிர்ந்த குழிவில் ஒரு சோடிக் கைகள் சிக்கியதும் சுழற்சி நின்றுவிடும். பதிவைப் பிரித்ததும் நான் முதலில் தேடுவது அந்த நிறுத்தத்தைத்தான். எடுத்துக்காட்டாக, 8.5 அங்குல பிட்டால் துளைத்த கிணற்றில் முதல் சோடி 8.6 அங்குலமும் இரண்டாம் சோடி 11 அங்குலமும் காட்டி, முதல் கையின் திசைக்கோணம் பல மீட்டருக்கு 45 பாகையிலேயே நிலைத்திருந்தால், துளை 135 பாகையில் நீண்டிருக்கிறது. பெருமத் தகைவு 45 பாகையில், அதாவது வடகிழக்கு–தென்மேற்காக, இருக்கிறது. இரு சோடியும் சேர்ந்து அகன்றிருந்தால் அது வெறும் அரிப்பு. நீட்சியின் திசை கிணறு சாய்ந்திருக்கும் திசையோடு ஒத்துப்போனால், துளைக்குழாய் உராய்ந்து உண்டாக்கிய பள்ளமாக இருக்கலாம் என்பதால் அந்தப் பகுதியைத் தயங்காமல் ஒதுக்கிவிடுவேன்.

பதிவின் தலைப்புத் தாளைப் படிக்காமல் கணக்கில் இறங்கவே கூடாது. திசைக்கோணம் காந்த வடக்கைக் கொண்டதா, புவியியல் வடக்கைக் கொண்டதா என்பது அங்கேதான் இருக்கும். திருத்தம் செய்வதென்றால் பதிவு எடுத்த ஆண்டின் காந்த ஒதுக்கத்தை (இந்த இரு வடக்குகளுக்கும் இடையிலான கோணத்தை) பயன்படுத்த வேண்டும். 1970-களில் ஆல்பர்ட்டாவில் அது கிழக்கே 20 பாகைக்கும் அதிகம். உலகெங்கும் கண்ட தகைவுத் திசைகளைத் தரம் பிரித்துத் தொகுக்கும் உலகத் தகைவு வரைபடத் திட்டத்தின் மிக உயர்ந்த ‘ஏ’ தரத்துக்கு உரிய துல்லியம் கூட்டியோ குறைத்தோ 15 பாகைதான் என்பதை நினைத்தால், இந்த ஒரு திருத்தம் விடுபடுவதன் விளைவு விளங்கும். சராசரியிலும் கவனம் தேவை: 5 பாகையும் 175 பாகையும் ஏறத்தாழ ஒரே கோட்டைக் குறிப்பவை, ஆனால் சாதாரணச் சராசரி 90 என்று நேர்க்குறுக்கான விடையைத் தரும். கோணங்களை இரட்டித்துச் சராசரி கண்டு, பிறகு பாதியாக்குவதே முறை.

அந்தத் திட்டத்தின் தரப்படுத்தலை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரே கிணற்றில் குறைந்தது 10 உதிர்வுப் பகுதிகள், மொத்தம் 300 மீட்டர் நீளம், 12 பாகைக்கு மிகாத திட்ட விலக்கம் இருந்தால்தான் ‘ஏ’ கிடைக்கும். தரம் குறிக்காத திசைக்கோடு எதையும் என் வரைபடத்தில் ஏற்றுவதில்லை.

குறைகளும் உண்டு. கை நுழையாத குறுகிய உதிர்வுகள் காலிப்பருக்குத் தெரியாது. பெருமத் தகைவின் திசையை நேரடியாகக் காட்டும் மெல்லிய இழுவிசை விரிசல்களும் அதில் பதிவாகா. டெலிவியூவரிலோ இரண்டும் தெளிவாகத் தெரியும், அடர்ந்த துளைச்சேறு மட்டும் அதன் படத்தை மங்கச் செய்யும். புதிதாகத் துளைக்கும் கிணறு என்றால் டெலிவியூவரையே பரிந்துரைப்பேன். இரண்டு கருவிகளும் தருவது திசையை. தகைவின் அளவு வேண்டுமென்றால் அதே கிணற்றில் நீரை அழுத்தத்தோடு செலுத்திப் பாறையை விரிசலுறச் செய்யும் நீரழுத்த முறிவுச் சோதனைக்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.