டி.ஐ. தண்ணீரில் ஜன்னல் கழுவுவது: பினாங்கு வீட்டில் நீண்ட நாள் அனுபவம்

கழுவிவிட்டு துடைக்காமல் விட்டால் கண்ணாடி தானாகக் காய்ந்து பளிச்சென்று நிற்கும் என்றால் நம்ம ஊரில் லேசில் நம்பமாட்டார்கள். 2019 புகைமூட்டம் ஓய்ந்த பிறகு வாங்கிய சாமானை வைத்து (டி.ஐ. தண்ணீர், அதாவது அயனி நீக்கிய தண்ணீர் தரும் ஒரு ரெசின் உருளை, நீளக் கம்பத்தில் தண்ணீர் வரும் பிரஷ்), எங்கள் வீட்டு ஜன்னல்களை இன்றுவரை அப்படித்தான் கழுவுகிறேன். கெலுகோரில் இரண்டு மாடி வரிசை வீடு. கடல் காற்றில் வரும் உப்புப் பிசுபிசுப்பு ஒரு பக்கம், ரோட்டுத் தூசி இன்னொரு பக்கம். மேல்மாடி ஜன்னல்களுக்கு வெளியே இரும்பு கிரில் வேறு. அதற்குள் வைப்பரை விட்டு இழுக்கவே முடியாது. துடைக்கத் தேவையில்லாத முறை என்பதால்தான் இதை எடுத்தேன்.

பயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்களுக்கு டி.ஐ. தண்ணீர் புதிதல்ல. அங்கே சிப் செய்யும் சிலிக்கான் தகடுகளை அறுக்கும்போதும் அலசும்போதும் ஓடுவது இந்தத் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீர் காயும்போது நீர் மட்டும்தான் ஆவியாகும். அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு, மெக்னீசியம், சிலிக்கா எல்லாம் அங்கேயே வெள்ளைத் திட்டாகத் தங்கிவிடும். அவற்றை முன்கூட்டியே எடுத்துவிட்டால் காய்ந்த பிறகு மிஞ்ச ஒன்றுமில்லை.

எடுப்பது ரெசின், அதாவது சின்னச் சின்ன பிளாஸ்டிக் மணிகள். கலப்பு ரெசின் உருளைக்குள் இரண்டு வகை மணிகள் இருக்கும். ஒன்று கால்சியம் போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனை விடும், மற்றது குளோரைடு போன்றவற்றைப் பிடித்துக்கொண்டு ஹைட்ராக்சைடை விடும். விட்டவை இரண்டும் சேர்ந்தால் தண்ணீர். குழாயை ஒரு பக்கம் மாட்டினால் மறுபக்கம், கரைந்த உப்பை பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் 000 காட்டும்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து, மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. மெஷினும் சேர்த்து வாங்க வேண்டுமோ என்று பலர் கேட்கிறார்கள். இங்கே வேண்டாம் என்பதுதான் என் முடிவு. லண்டன் பக்கம் தண்ணீர் சுண்ணாம்புப் பாறை வழியாக வருகிறது. கரைந்த உப்பு 300 பி.பி.எம். வரை போகும். ஆர்.ஓ. இல்லாவிட்டால் ரெசின் சீக்கிரமே தீர்ந்துவிடும். பினாங்குக்கு வருவது பெரும்பாலும் மூடா ஆற்றுத் தண்ணீர், சுங்கை டூவாவில் சுத்திகரிக்கிறார்கள். மிருதுவான தண்ணீர். எங்கள் குழாயில் மீட்டர் 50ஐத் தாண்டுவது அபூர்வம். அங்கே ஒரு மாதம் வரும் ரெசின் இங்கே ஆறு மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்றால் ஒரு தடவை நிரப்பினால் வருடம் தாண்டியும் ஓடுகிறது.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கேட்டார்: "அதான் வாசல்லயே பெரிய ஃபில்டர் போட்டிருக்கோமே தம்பி, அந்தத் தண்ணி பத்தாதா?" பதில் சொல்லாமல் மூன்று கிளாஸில் தண்ணீர் பிடித்தேன்: நேர்க் குழாய், அவர் வீட்டு ஃபில்டர், டி.ஐ. முதல் இரண்டிலும் மீட்டர் ஏறக்குறைய ஒரே எண். ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்து என் கார் கண்ணாடியில் விட்டு வெயிலில் காயவைத்தோம். முதல் இரண்டு சொட்டும் விளிம்பில் வெள்ளை வளையம் விட்டன. மூன்றாவது விழுந்த இடத்தை அக்கா விரலால் தேடினார். அவர் ஃபில்டரில் இருக்கும் மணலும் கரியும் சேற்றையும் குளோரின் வாடையையும் எடுக்கும், கரைந்த உப்பைத் தொடாது. மீட்டர் ஷோப்பி ஆன்லைன் கடையில் 20, 30 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. இந்த வேலையில் முதலில் வாங்க வேண்டியது அதைத்தான்.

ரெசின் மாற்றும்போது ஒரு ஆன்லைன் வியாபாரி செய்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. கலப்பு ரெசின் என்று பணம் வாங்கிக்கொண்டு, தண்ணீரை மென்மையாக்கும் ரெசினை அனுப்பிவிட்டார். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். மொத்த உப்பு குறையாது, கண்ணாடியில் கறை அப்படியே. மீட்டர் படத்தை அனுப்பியும் மனுஷன் பேசவில்லை. ஆகவே வந்தவுடன் ஒரு பிடியை எடுத்து, தண்ணீர் விட்டு அளந்து பாருங்கள்.

இனி கழுவும் விதம். சோப்பு கூடவே கூடாது, அதன் மிச்சமே கோடாகும். முதலில் மேல் சட்டம், ரப்பர் ஓரம், கிரில் கம்பிகள். இவற்றை அவசரப்படாமல் பிரஷால் தேய்த்து அழுக்கு வடியவிட வேண்டும். பிறகு கண்ணாடி. கடைசியில் பிரஷைக் கண்ணாடியிலிருந்து ஒரு சாண் விலக்கி, மேலிருந்து கீழே மெதுவாக அலச வேண்டும். அரை மணி நேரம் கழித்து கோடு தெரிந்தால் பத்துக்கு ஒன்பது தடவை குற்றம் தண்ணீரில் இல்லை, மேல் சட்டத்தில் ஒளிந்திருந்த அழுக்கு சொட்டியிருக்கும். பல மாதம் கழுவாத ஜன்னல் முதல் தடவையிலேயே முழுசாகச் சரியாகாது, இன்னொரு முறை வேண்டும். கழுவிய மறுநாள் மழை பெய்ததே என்று கவலை வேண்டாம். மழைத்தண்ணீரில் கரைந்த உப்பு மிகக் குறைவு, கறை போடுவது கண்ணாடியில் முன்பே இருந்த தூசி.

மீட்டரை மட்டும் நம்பவும் கூடாது. அது மின்சாரம் கடத்துவதை வைத்து அளக்கிறது, சிலிக்காவை அதற்குத் தெரியாது. ரெசின் களைக்கும்போது முதலில் நழுவுவது சிலிக்காதான். எண் இன்னும் சின்னதாக இருக்கும்போதே மங்கலான புள்ளிகள் வர ஆரம்பித்தால் காரணம் இதுதான். தண்ணீரில் லேசான மீன் வாடை வந்தாலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. நான் 10ஐத் தொடும்வரை காத்திருப்பதில்லை. உருளையை வெயிலில் வைக்காதீர்கள், உள்ளே காயவும் விடாதீர்கள்.

சமையலறை எக்சாஸ்ட் பக்கத்து எண்ணெய், சிமெண்ட் தெறிப்பு, வருடக்கணக்கில் ஊறிய பழைய உப்புக் கறை ஆகியவை இந்தத் தண்ணீருக்கு அசையாது. சாமி அறை ஜன்னலின் உள்பக்கம் சாம்பிராணிப் புகை படிந்திருக்கும். அதற்கு மட்டும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, பிறகு டி.ஐ. தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணி. பிரஷ் கம்பம் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: அலுமினியமும் கார்பன் ஃபைபரும் மின்சாரம் கடத்தும். வீட்டு முன்னால் மின்கம்பி போகிறது என்றால் அந்தப் பக்கம் நீட்டவே வேண்டாம்.

இவ்வளவு சாமான் வாங்க மனமில்லையா? தாமான் கடை வாசலில் சில்லறை போட்டுப் பிடிக்கும் தண்ணீர் மெஷின் இருக்கிறதே, அதில் ஒரு பாட்டில் பிடித்து மீட்டரை விட்டுப் பாருங்கள். சில மெஷின்களில் குழாய்த் தண்ணீர் எண்ணே வரும், சிலவற்றில் நிஜமாகவே ஆர்.ஓ. இருக்கும். 10க்குக் கீழ் காட்டினால் ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். முன்கதவுக் கண்ணாடிக்கும் கார் கண்ணாடிக்கும் அது தாராளமாகப் போதும்.