எலிக்கூண்டில் நெடி: துணி விரிப்பா, காகித உருண்டையா, தேங்காய் நார்த்தூளா?

வளர்ப்பு எலியைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள், பெரிதாக ஒன்றும் வீசாது. நாள் முழுக்கத் தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி அது. நெடியெல்லாம் கூண்டிலிருந்து வருகிறது. அதிலும் புழுக்கை சாது. காய்ந்துவிட்டால் பொறுக்கிப் போட்டுவிடலாம். குற்றவாளி சிறுநீர். அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைக்கும்போது அமோனியா கிளம்புகிறது. வெப்பமும் ஈரமும் கூடக்கூட இந்த வேலை விரைவாக நடக்கும். சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

நமக்கு மூக்கைச் சுளித்தால் தீர்ந்தது. எலிக்கு அப்படி இல்லை. வளர்ப்பு எலிகள் பெரும்பாலானவற்றின் சுவாசப் பாதையில் மைக்கோபிளாஸ்மா புல்மோனிஸ் என்ற நுண்ணுயிர் ஏற்கெனவே குடியிருக்கும். அமோனியா அந்த நோயைத் தீவிரமாக்கும்: தும்மல், கண்ணோரம் செந்நிறக் கசிவு, பிறகு மூச்சிரைப்பு. ஆகவே வாசனைப் பொடி, ஊதுவத்தி, அறைத் தெளிப்பான் எல்லாம் பேச்சுக்கே இல்லை. அவை நம் மூக்கை ஏமாற்றும், எலியின் நுரையீரலுக்குக் கூடுதல் சுமை.

கீழே பரப்பும் பொருள் எது என்பதில்தான் பாதி வெற்றி. சிலவற்றை உடனே தள்ளிவிடலாம். மரத்தூள் தூசி, தச்சுப் பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும் இழைப்புளிச் சுருளில் எந்த மரம், என்ன பூச்சு என்று யாருக்கும் தெரியாது. தேவதாரு வகை மரங்களின் வாசனை எண்ணெய்கள் கொறிப்பிராணிகளுக்கு ஆகாது. நெல் உமி நம் ஊர் ஆய்வுக்கூடங்களில் புழங்குவதுதான், ஆனால் ஈரத்தை அதிகம் உறிஞ்சாது. செய்தித்தாள் ஒரு நாளில் கூழாகிவிடும். பூனைகள் கழிக்கப் போடும், நனைந்தால் கட்டியாகும் மணல் தூசியும் கிளப்பும், எலி அதைத் தின்றும் தொலைக்கும்.

எஞ்சுபவை மூன்று. மூன்றையும் என் பெண் எலிகளுக்குப் போட்டுப் பார்த்த பிறகு நார்த்தூளில் வந்து நின்றிருக்கிறேன். என் சாய்வு இங்கேயே தெரிந்துவிடட்டும்.

பிளீஸ் (fleece) என்ற மெத்தென்ற போர்வைத் துணி படத்தில் அழகு. பாலியஸ்டர் என்பதால் தானாக உறிஞ்சாது. சிறுநீர் அதன் வழியே இறங்கி அடியில் தேங்கும். எனவே அடியில் தடித்த துவாலை தேவை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் அள்ளித் துவைக்க வேண்டும். வீட்டுத் துணியோடு போட முடியாது. துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் (fabric softener) சேர்த்தால் துவாலையும் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். எலிகள் ஓட்டை போட்டு அடியில் புகுந்து அங்கேயே தூங்குவது தனிக்கதை.

காகித உருண்டை, அதாவது காகிதத்தை இறுக்கிச் செய்து கடையில் விற்கும் சிறு உருண்டைகள், நல்ல பொருள். தூசி குறைவு, உறிஞ்சும் திறன் அதிகம், நனைந்த இடம் உப்பி நிறம் மாறித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். நோயாளி எலிக்கும் அறுவை சிகிச்சை முடிந்த எலிக்கும் நான் இதைத்தான் போடுவேன். விலைதான் இடிக்கிறது. பெரிய கூண்டு முழுக்கப் பரப்பி வாரந்தோறும் மாற்றினால் எலிகளின் சாப்பாட்டைவிடப் படுக்கைக்கு அதிகம் செலவாகும்.

இனி நார்த்தூள். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் கோகோபீட் என்று வாங்கும் அதே கட்டி. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் ஆலைகளில் மலைபோல் குவியும் கழிவு. தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். உப்பு நீக்கிக் கழுவிய ரகமாகப் பார்த்து வாங்குங்கள். ஊறவைத்து உதிர்த்து, வெயிலில் முக்கால் பதத்துக்குக் காயவிட வேண்டும். கையில் பிடித்தால் உதிரவேண்டும், ஆனால் தூசி பறக்கக் கூடாது. முழுக்கக் காய்ந்த தூள் எலியின் மூக்குக்கு மரத்தூளைப் போலவே கெடுதல்.

என்னை இதில் நிறுத்திவைத்தது உறிஞ்சும் திறன் அல்ல, அது காகிதத்திலும் உண்டு. பராமரிப்பு முறைதான் காரணம். எலி தன் சிறுநீரால் எல்லை குறிக்கும் பிராணி. கூண்டை ஒரே நாளில் பளிச்சென்று கழுவிவிட்டால், தன் வாடை காணாமல் போன பதற்றத்தில் மறுபடி மூலைக்கு மூலை சொட்டுவிட்டுக் குறிக்கத் தொடங்கும். கழுவக் கழுவ நாறுவது இதனால்தான். துணியில் இதற்கு வழியே இல்லை; மாற்றினால் மொத்தமாக மாற்ற வேண்டும். நார்த்தூளில் நனைந்த மூலையை மட்டும் கரண்டியால் அள்ளிவிட்டு, மீதியைக் கிளறி, மேலே கொஞ்சம் புதுத்தூள் போட்டால் போதும். பழைய வாடை மெல்லியதாக எஞ்சும், எலிகள் அமைதியாக இருக்கும். ஐந்து அங்குல ஆழம் இருந்தால் அவையே தோண்டித் தோண்டி ஈரத்தைக் கலந்துவிடுகின்றன. நமக்கு அரைவேலை மிச்சம். பழைய தூள் நேராகச் செடித்தொட்டிக்குப் போகிறது. செம்பருத்திக்குப் போடுகிறேன், கீரைக்கும் தக்காளிக்கும் போடுவதில்லை. எலியின் சிறுநீர் எலிக்காய்ச்சல் பரவும் வழி என்பதால் கையுறை இல்லாமல் அள்ளுவதும் இல்லை.

குறைகள் உண்டு. கடையில் கிடைக்கும் கம்பிக்கூண்டுகளின் தட்டு இரண்டு அங்குலம்கூட இராது. தூளைக் கொட்டினால் மறுநாள் காலையில் பாதி தரையில் கிடக்கும். ஆழமான பிளாஸ்டிக் தொட்டியை அடியில் பொருத்தினால்தான் இது சரிப்படும். வெளிர்நிற எலிகளின் வயிறு பழுப்பேறும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தூள் காயவே காயாது, பூஞ்சை பிடிக்கிறது. அந்த மாதங்களில் தூளைக் குறைத்து, எலிகள் வழக்கமாக ஒதுங்கும் மூலையில் மட்டும் ஒரு தட்டில் காகித உருண்டை வைக்கிறேன்.

எதைப் பரப்பினாலும், எலிகள் படுக்கக் கூண்டில் தொங்கவிடும் துணித் தொட்டிலை மறந்தால் பயனில்லை. எலிகள் கூட்டமாகப் படுத்து அங்கேயே சிறுநீர் கழிக்கும். கூண்டிலேயே அதிகம் நாறுவது அந்தத் துணிதான். வாரம் இரண்டு முறையாவது மாற்றுங்கள், ஆனால் அடித்தட்டைச் சுத்தம் செய்யும் நாளில் வேண்டாம். பிளாஸ்டிக் மேடைகளை நீர்த்த வினிகரால் துடைத்தால் படிந்த வெண்கறை போய்விடும். மர மேடை என்றால் சிறுநீர் ஊறிவிடும். அதை எடுத்துவிடுவதே மேல்.

ஆண் எலி வைத்திருப்பவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆண்கள் இன்னும் அதிகமாகக் குறிக்கும். நார்த்தூள் அதே அளவுக்குத் தாங்குமா என்பதை என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு மூலையில் தொடங்கிப் பார்த்துவிட்டுப் பெரிய கட்டி வாங்குங்கள்.