பெயரும் நிறமும் மாறிய விமானங்கள்: கீழக்கரைப் பயணி ஒருவரின் நீண்டகால அனுபவம்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று எங்கள் கரையோர ஊர்களில் பல வீடுகளின் வரவுசெலவு துபாயையும் சிங்கப்பூரையும் கோலாலம்பூரையும் நம்பியே நடக்கிறது. ஆனாலும் இராமநாதபுரம் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. உச்சிப்புளியில் இருக்கும் ஐ.என்.எஸ். பருந்து கடற்படையின் தளம். ஆகவே மதுரைக்கோ திருச்சிக்கோ சென்னைக்கோ கார் பிடித்துப் போய்த்தான் நாங்கள் விமானம் ஏறுகிறோம். துபாய் வேலைக்காக இப்படிப் போய்வரத் தொடங்கிய காலத்திலிருந்து நான் ஏறிய விமான நிறுவனங்களில் பெரும்பாலானவை பெயரையோ சின்னத்தையோ நிறத்தையோ ஒருமுறையாவது மாற்றிவிட்டன. அந்த மாற்றங்களால் பயணிக்கு என்ன கிடைத்தது என்பதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மிகவும் பழகிய விமானம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். 2005 ஏப்ரலில் பறக்கத் தொடங்கிய நாள்முதல் ஒவ்வொரு விமானத்தின் வாலிலும் வெவ்வேறு இந்தியக் காட்சியை வரைந்துவந்த அந்த நிறுவனம், 2023 அக்டோபரில் ஆரஞ்சும் நீலப்பச்சையும் கலந்த புதிய தோற்றத்துக்கு மாறியபோது, காட்சிகளை விட்டுவிட்டு நாட்டின் துணி வகைகளை வாலுக்குக் கொண்டுவந்தது. முதலில் வந்தது குஜராத், ராஜஸ்தான் பக்கத்துப் பாந்தினி. ஏணிப்படியில் ஏறக் காத்து நிற்கும்போது அந்த வாலை அண்ணாந்து பார்த்தால், நூலால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த துணியில் தெரிவது போலவே புள்ளிகள் வரிசை கட்டி நிற்பது தெரியும். உடன் வந்த என் லாத்தா (அக்கா) அதைப் பார்த்துவிட்டு, “இது நம்ம மதுரைச் சுங்குடி மாதிரியில்ல இருக்கு” என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. சுங்குடியும் அதே முடிச்சுச் சாயக் கலைதான். அதை மதுரையில் வளர்த்தவர்கள் சௌராஷ்டிரர்கள். அஜ்ரக், பட்டோலா, காஞ்சிபுரம், கலம்காரி என்று அந்த வரிசை நீள்கிறது. பரமக்குடி நெசவு எப்போது வாலேறும் என்று எங்கள் மாவட்டத்துக்காரன் எவனும் ஆசைப்படத்தான் செய்வான்.

வாலுக்கு வால் வேறு வடிவம் வைப்பது எல்லோருக்கும் கைகொடுத்ததில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1997இல் உலக நாடுகளின் ஓவியங்களைத் தன் வால்களில் தீட்டியபோது, முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் அப்படி வரையப்பட்ட சிறிய பொம்மை விமானம் ஒன்றின் வாலைத் தம் கைக்குட்டையால் மூடிய செய்தி உலகமெங்கும் பரவியது. பின்னர் அந்நிறுவனம் எல்லா விமானங்களையும் பிரிட்டிஷ் கொடி வடிவத்துக்கே திருப்பிக்கொண்டது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்கு அந்தச் சிக்கல் வராததற்குக் காரணம், உடற்பகுதியின் நிறமும் எழுத்தும் எல்லா விமானங்களிலும் ஒன்றாகவே இருப்பதுதான் என்பது என் கணிப்பு. வால் எப்படியிருந்தாலும், கண்ணாடிக்கு அப்பால் நிற்பது தம் விமானம்தான் என்று வயதானவர்களும் கண்டுகொள்கிறார்கள்.

ஏர் இந்தியாவைப் பொறுத்தவரை எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. ஒவ்வொரு சன்னலையும் சுற்றிச் சிவப்பில் வரைந்திருந்த அந்தப் பழைய அரண்மனைச் சாளர வளைவு, உலகில் எந்த விமானத்தோடும் அதைக் குழப்பிக்கொள்ள முடியாத முகத்தைத் தந்திருந்தது. டாடா குழுமம் 2022 சனவரியில் நிறுவனத்தை ஏற்றபின், 2023 ஆகஸ்ட் 10 அன்று ‘விஸ்டா’ என்ற புதிய சின்னம் வெளியானது. அதே சாளரத்தின் உச்சிதான் பொன்னிறச் சட்டகமாகச் சுருங்கியிருக்கிறது என்று விளக்கம் தந்தார்கள். விளக்கத்தைப் படித்தவருக்கு அது புரியும். படிக்காத பயணியின் கண்ணுக்குச் சாளரம் தெரியாது. சிவப்பும் கத்தரிப்பூ நிறமும் பொன்னும் பகல் வெயிலில் எடுப்பாகத்தான் இருக்கின்றன. துபாயில் நள்ளிரவு விளக்கொளியில் தூரத்திலிருந்து பார்க்கும்போது, முதல் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து இருண்டுவிடுகின்றன. கத்தரிப்பூ நிறமும் பொன்னும் விஸ்தாராவுக்கு உரியவையாக இருந்தவை; 2024 நவம்பர் 12இல் அந்நிறுவனம் ஏர் இந்தியாவோடு இணைந்தபோது, அதன் பயணிகளுக்கு இந்த நிறங்கள் அந்நியமாகத் தோன்றியிருக்காது.

என் உண்மையான குறை வரிசைமுறையைப் பற்றியது. புதிய சின்னம் 2023 ஆகஸ்டில் வந்தது. பழைய விமானங்களின் இருக்கைகளை மாற்றும் பணி 2024 செப்டம்பரில்தான் தொடங்கியது. எமிரேட்ஸ் இதற்கு நேர்மாறாகச் செய்தது. 2022 நவம்பரில் உட்புறத்தைப் புதுப்பிக்கத் தொடங்கிவிட்டு, 2023 மார்ச்சில்தான் புதிய வண்ணத்தைக் காட்டியது. அதிலும் பெரிய புரட்சி எதுவும் இல்லை. வாலில் இருந்த கொடியே காற்றில் அலைவது போல உயிர்பெற்றது, எழுத்து பெரிதாயிற்று, இறக்கை முனைகள் சிவந்தன. நாலு மணி நேரம் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வருகிறவனுக்கு எந்த வரிசை உகந்தது என்று கேட்கவே வேண்டியதில்லை.

வண்ணம் மாற்றுவதற்கு ஏன் இத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்று ஊரில் கேட்பவர்கள், மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பன் கரையிலும் மண்டபம் கரையிலும் விசைப்படகுகளைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பதை நினைத்துக்கொள்ளலாம். விமானத்திலும் பழைய பூச்சை முழுக்க நீக்கி, அடிப்பூச்சு கொடுத்து, அதன் மேல் நிறம் ஏற்றவேண்டும். அலுமினிய உடலென்றால் மருந்து தடவிப் பூச்சை உரிக்கலாம். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற கார்பன் இழை உடல்களில் அந்த மருந்து ஆகாது என்பதால் பெரும்பாலும் தேய்த்தே எடுக்கிறார்கள். வாலில் அசையும் சுக்கான் பகுதிக்கு நிறம் பூசினால், பூச்சின் எடையால் அதன் சமநிலை மாறியிருக்கிறதா என்று மறுபடியும் சோதிக்கவேண்டும். பெரிய விமானம் ஒன்றின் பூச்சே சில நூறு கிலோ இருக்கும். அதைச் சுமந்து பறக்கவும் எரிபொருள் செலவாகிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பல பத்தாண்டுகள் தன் விமானங்களைப் பளபளக்கும் வெற்று உலோகமாகவே பறக்கவிட்டது. கார்பன் உடல் விமானங்களை அப்படி விடமுடியாது என்ற நிலை வந்தபோது, 2013இல் அதுவும் பூச்சுக்கு மாறியது. பறந்து சம்பாதிக்க வேண்டிய விமானத்தைப் பல நாள்கள் கொட்டகையில் நிறுத்துவது நட்டம் என்பதால், பெரிய பராமரிப்பு முறை வரும்போதுதான் நிறத்தையும் மாற்றுகிறார்கள். அதனால்தான் ஒரே நிறுவனத்தின் பழைய முகமும் புதிய முகமும் ஆண்டுக்கணக்கில் அருகருகே நிற்கின்றன.

நிறத்தைவிடப் பெயர் மாற்றம்தான் பயணியை அலைக்கழிக்கிறது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகும் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான டைகர்ஏர் 2017 சூலையில் ஸ்கூட் ஆகிவிட்டது. கோலாலம்பூர் போகிறவர்களின் மலிண்டோ 2022 ஏப்ரலில் பாத்திக் ஏர் ஆகிவிட்டது. ஆனால் விமான எண்ணின் முன்னால் வரும் டைகர்ஏரின் ‘டிஆர்’ என்ற குறியீட்டை ஸ்கூட் எடுத்துக்கொண்டது, மலிண்டோவின் ‘ஓடி’ அப்படியே தொடர்ந்தது. எல்லாப் பெயர் மாற்றமும் இப்படிச் சுமுகமாக முடிவதில்லை. ஒரு நிறுவனம் பெயரை மாற்றிய மாதங்களில், பழைய பெயர் அச்சிட்ட சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் மாமி வேறொரு கவுண்டர் வரிசையில் நெடுநேரம் நின்றுவிட்டார். பலகையில் புதிய பெயர் மட்டுமே இருந்தது, எடுத்துச் சொல்ல ஆளும் இல்லை. நல்லவேளையாக நேரம் கைவசம் இருந்ததால் விமானம் தவறவில்லை. அதற்குப் பிறகு முதன்முறை பயணம் போகிற எவருக்கும், “பேரையும் கலரையும் பாக்காதீங்க, நம்பரைப் பாருங்க” என்றே சொல்லி அனுப்புகிறேன்.

இப்போதெல்லாம் சீட்டு போடும்போது, எந்த நிறுவனம் என்பதோடு எந்த ரக விமானம், உட்புறம் மாற்றப்பட்டதா என்பதையும் டிராவல்ஸ்காரரிடம் கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலும் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். கடைசி நேரத்தில் விமானத்தையே மாற்றி அனுப்பும் நாள்களில் அந்தத் தகவலும் உதவாது. கதவைத் தாண்டி உள்ளே போன பிறகே இருக்கை புதிதா பழையதா என்பது தெரியவரும்.